தேய்க்காத செம்பு
நாணயக் கண்காட்சியில் முதன்முதலாக மேசை போடப்போகும் அரியூர்க்காரர் ஒருவரின் தேர்ச்சி, முந்தைய நாள் அவர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புத் துட்டையே பாருங்கள்: ஒரு பக்கம் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. விளிம்பை இரு விரலால் பிடித்து விளக்கொளியில் சாய்த்தால், பழுப்பேறிய செம்பிலிருந்து எழுத்துகள் மெல்ல மேடாகி எழும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே, வாங்குபவருக்கு அதுதானே பிடிக்கும் என்பார்கள். புதியவருக்குப் பிடிக்கலாம், ஆனால் அந்தப் பழுப்போடு எழுத்தின் கூர்மையும் போய்விடும், திரும்ப வராது. விவரம் தெரிந்தவர் பார்த்ததுமே கீழே வைத்துவிடுவார். பிவிசி உறையும் ஆகாது, செம்பில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். சன்னல் வைத்த அட்டைக்குள் காசை நடுவாக இருத்தி, ஸ்டேப்ளர் முனைகளை இடுக்கியால் தட்டையாக்கும் அந்தப் பொறுமை எவ்வளவு அழகு! முனை நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக் காசைக் கீறிவிடும்.