ஊருக்கு ஒரு கோபுரம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946 ஜூன் 17 அன்று பெல் நிறுவனம் கார்த் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கருவியின் எடை சுமார் 36 கிலோ. மாதச் சந்தா 15 டாலர். ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் காசு.

அதில் பேசுவது லேசுப்பட்ட காரியமல்ல. ரிசீவரை எடுத்ததும் அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். காலியாக இருந்தால் ஆபரேட்டரிடம் எண்ணைச் சொல்லி இணைக்கச் சொல்லலாம். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும். கேட்க வேண்டுமானால் விட வேண்டும். சண்டை போட லாயக்கில்லாத போன்! ரகசியம் பேசவும் உதவாது. அதே அலைவரிசைக்குக் காத்திருப்பவர் காதில் எல்லாமே விழும்.

இத்தனை தொல்லைக்கும் மக்கள் ஈடுகொடுத்தார்கள். 1948-க்குள் சேவை ஏறக்குறைய 100 நகரங்களுக்குப் பரவியது. காரணம் எளிது: உயரமான இடத்தில் சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் ஒன்று நின்றால் ஊர் முழுக்க எட்டும். காரின் சிக்னல் பலவீனமானது என்பதால், அதைப் பிடிக்க நகரின் பல மூலைகளில் ரிசீவர்களை வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் அந்த எட்டும் தூரமே அதற்கு வினையானது. ஓர் அலைவரிசையை ஒருவர் பிடித்துக்கொண்டால் ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது. செயின்ட் லூயிஸுக்குக் கிடைத்த ஆறு அலைவரிசைகளும் ஒன்றையொன்று குழப்பியதால் மூன்றாகச் சுருங்கின. நகரம் முழுவதிலும் ஒரே நேரத்தில் மூன்றே பேச்சு.

1964-இல் வந்த மேம்பட்ட சேவையைப் பெரிய பாய்ச்சலாகச் சொல்பவர்கள் உண்டு. காலி அலைவரிசையைக் கருவியே தேடியது, நேரே டயல் செய்ய முடிந்தது, பொத்தானும் ஒழிந்தது. எல்லாம் சரி, கூட்டம் நெரியும் கடையில் இடத்தைப் பெருக்காமல் வாசலை மட்டும் அலங்கரித்த கதைதான் இது. 1976-இல் நியூயார்க்கில் 12 அலைவரிசைகளை 543 பேர் பகிர்ந்துகொண்டார்கள். 3,700 பேர் காத்திருந்தார்கள்.

மாற்று வழி தெரியாமல் இல்லை. நகரைச் சிறு சிறு செல்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரிலேயே குறிப்பு எழுதிவிட்டார். ஓடும் காரைச் செல் விட்டுச் செல் மாற்றிக்கொடுக்கும் கணினித் திறன் அன்று இல்லை என்பது நியாயமான சமாதானம்தான், ஆனால் பாதிச் சமாதானம். தேவையான அலைக்கற்றையை அரசின் தகவல்தொடர்பு ஆணையம் தொலைக்காட்சிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தது. 1983-இல் சிகாகோவில் தொடங்கிய செல்பேசிச் சேவை ஓடியது, தொலைக்காட்சியிடமிருந்து திரும்ப வாங்கிய 70 முதல் 83 வரையிலான சேனல்களின் இடத்தில்.