0–30 வோல்ட், 3 ஆம்பியர் கிட்: பாதி கரண்டில் முழுப் பலன்

புதிதாகச் சால்டர் செய்த போர்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கும் கணத்தில்தான் பெஞ்ச் பவர் சப்ளையின் தரம் தெரியும். போர்டில் எங்கோ ஒரு ஷார்ட் இருந்தால், 50 மில்லிஆம்பியருக்கு வரம்பு வைத்த சப்ளை வோல்டேஜைத் தானே இறக்கிக்கொண்டு போர்டைக் காப்பாற்றிவிடும். வரம்பு இல்லாத சப்ளை தன்னால் முடிந்த கரண்டை எல்லாம் அதில் கொட்டிவிடும். இந்த ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் "0–30 வோல்ட், 2 மில்லிஆம்பியர் முதல் 3 ஆம்பியர்" கிட் கட்டிப் பார்க்கத் தகுந்தது என்பேன். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் எண்களை நம்பிக் கட்டக் கூடாது. 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கொடுத்து, 15 வோல்ட், 1.5 ஆம்பியர் சப்ளையாக அதைக் கட்ட வேண்டும்.

இந்த கிட்டில் வெளியே போகும் கரண்ட் முழுவதும் ஒரு 0.47 ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அதில் விழும் வோல்டேஜை ஓர் ஆப்-ஆம்ப் எந்நேரமும் கவனிக்கிறது. நாம் வைத்த அளவைக் கரண்ட் தாண்டியதும், வோல்டேஜைக் காக்கும் இன்னோர் ஆப்-ஆம்பின் உள்ளீட்டை ஒரு டயோடு மூலம் கீழே இழுக்கிறது. கரண்ட் அந்த அளவிலேயே நிற்கும், எல்இடி எரியும். எல்எம்317 வைத்துக் கட்டும் எளிய சப்ளையில் இந்த வசதி இல்லை. அதன் உள்ளே இருக்கும் வரம்பு 1.5 ஆம்பியருக்கு மேலேதான் வேலை செய்யும், அதுவும் அந்த ஐசி தன்னைக் காத்துக்கொள்ளத்தான். கிட்டின் இன்னொரு நல்ல அம்சம் பலர் கண்ணில் படுவதில்லை. கரண்ட் வரம்பு கட்டுப்படுத்துவது டிரான்சிஸ்டர் வழியாக வருவதை மட்டுமே. அவுட்புட் முனைகளுக்கு இடையே இருக்கும் கெபாசிட்டர் தன்னில் சேர்த்து வைத்திருப்பதை அது தடுக்காது. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 12 வோல்ட்டில் சுமார் 34 மில்லிஜூல் வைத்திருக்கும். 20 மில்லிஆம்பியர் எல்இடியை நேராக அதன் மீது வைத்தால், வரம்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயனில்லை. இந்த கிட்டில் அந்த இடத்தில் இருப்பது 10 மைக்ரோஃபாரட்தான். அதே 12 வோல்ட்டில் 0.7 மில்லிஜூல்.

இனி அந்த 3 ஆம்பியர். கிட் கேட்பது 24 வோல்ட் ஏசி. ரெக்டிஃபையர் தாண்டியதும் உச்சத்தில் சுமார் 32 வோல்ட் கிடைக்கும். ஃபில்டர் கெபாசிட்டர் 3300 மைக்ரோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நிரம்புகிறது. 3 ஆம்பியர் இழுத்தால் அந்த இடைவெளியில் ஏறக்குறைய 9 வோல்ட் இறங்கிவிடும். மிச்சம் 23 வோல்ட். 0.47 ஓமில் 1.4 வோல்ட் போக, டிரான்சிஸ்டர்களும் ஆப்-ஆம்பும் தங்கள் பங்கை எடுத்த பிறகு வெளியே 18 வோல்ட் வந்தால் பெரிது. 30 வோல்ட்டும் 3 ஆம்பியரும் சேர்ந்து வரவே முடியாது. சூடு இன்னும் மோசம். அவுட்புட்டை ஷார்ட் செய்தால் 80 வாட்டுக்கும் மேல் ஒரே டிரான்சிஸ்டரில் விழும். பல கிட்டுகளில் வரும் டி1047 தாங்குவது 100 வாட் என்றாலும், அது உடல் 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும். 80 வாட்டில் அதன் உடல் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. சென்னையில் மே மாதம் அறையே 38 டிகிரி இருக்கும்போது எந்த ஹீட் சிங்க் இதைச் செய்யும்? இதோடு முடியவில்லை. கிட்டில் வரும் டிஎல்081 ஆப்-ஆம்ப் தாங்கும் உச்சம் 36 வோல்ட். மேலே 32, கீழே மைனஸ் 5-க்கும் சற்று அதிகம் என்று கூட்டினாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் இன்னும் கூடுதலாகக் கொடுக்கும். 44 வோல்ட் தாங்கும் டிஎல்இ2141 போடுவது பலர் சொல்லும் தீர்வு. அது ஆப்-ஆம்பைக் காப்பாற்றும், சூட்டைக் குறைக்காது.

டிரான்ஸ்பார்மரை 18 வோல்ட்டுக்கு இறக்கினால் இரண்டும் ஒன்றாகத் தீரும். ரெக்டிஃபையருக்குப் பின் 24 வோல்ட், ஆப்-ஆம்புக்கு மொத்தம் 30 வோல்ட் அளவில். 1.5 ஆம்பியரில் ஃபில்டரில் இறங்குவது நான்கரை வோல்ட்தான், ஆகவே 15 வோல்ட் அலையின்றி வரும். ஷார்ட்டில் விழுவது 32 வாட் போல. நடுத்தர ஹீட் சிங்க்கும் சின்ன ஃபேனும் அதற்குப் போதும். டிரான்ஸ்பார்மர் மட்டும் 3 ஆம்பியராக இருக்கட்டும். ரெக்டிஃபையரும் கெபாசிட்டரும் சேர்ந்து ஏசி பக்கம் டிசியைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு கரண்ட் இழுக்கும்.

1.5 ஆம்பியர் எதற்குப் போதும் என்று கேட்கலாம். 3.3, 5, 12 வோல்ட் போர்டுகளைச் சோதிக்க, லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் சார்ஜ் செய்ய, எல்இடி வரிசையைப் பார்க்க அது தாராளம். மோட்டாரும் இன்வெர்ட்டரும்தான் வேலை என்றால் இந்த கிட் உங்களுக்கானதல்ல, அதில் சந்தேகமே வேண்டாம். எக்ஸ்எல்4015 பக் மாட்யூல் இதைவிட மலிவு, சூடும் குறைவு என்ற வாதம் வலுவானது. அதிலும் கரண்ட் வரம்பு உண்டு. ஆனால் 180 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் இரைச்சலோடு, அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டரும் வருகிறது. பேட்டரி சார்ஜருக்கு அது சரி, ஆடியோ சர்க்யூட்டுக்கும் தனி எல்இடிக்கும் சரிவராது. ரெடிமேடாக வரும் மலிவான ஸ்விட்சிங் சப்ளைகளிலும் இதே கெபாசிட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸ், உலோகப் பெட்டிக்கு எர்த், முனைகளுக்கு ஸ்லீவ் ஆகியவை கட்டாயம். கடைசியாக ஒரு மாற்றம். கரண்ட் வரம்பை வைக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு (பொட்) மேலே இருக்கும் 56 கிலோஓமை எடுத்துவிட்டு 150 கிலோஓம் போட்டால், உச்ச வரம்பு 3 ஆம்பியருக்கு மேலிருந்து 1.5-க்கு இறங்கும். பொட்டின் முழுச் சுற்றும் அந்த எல்லைக்குள் பரவுவதால், 20 மில்லிஆம்பியரைக் கை நடுங்காமல் வைக்கலாம்.