கடலடிப் புனைவும் ஈஃபே தலையும்: டேமியன் ஹர்ஸ்டின் வெனிஸ் சிற்பக்காட்சி

ஆங்கிலேயக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் ‘அன்பிலீவபிள் கப்பற்சிதைவின் புதையல்கள்’ என்னும் சிற்பக்காட்சி, வெனிஸ் நகரின் பலாசோ கிராசி, புந்தா தெல்லா தோகானா ஆகிய இரு காட்சியகங்களில் 2017 ஏப்ரல் 9 முதல் டிசம்பர் 3 வரை நடைபெற்றது. விடுதலை பெற்ற அடிமை ஒருவன் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் திரட்டிய கலைச்செல்வம் கப்பலோடு மூழ்கியது; 2008இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலடியில் அது கண்டெடுக்கப்பட்டது என்பது காட்சி சொல்லும் கதை. கதை புனைவே என்பதைப் பார்வையாளர் எளிதில் உணர்ந்துகொள்கிறார். அதில் குறையொன்றும் இல்லை. புனைவைத் தாங்கும் வலிமை சிற்பங்களில் இல்லாமையே ஏமாற்றமளிக்கிறது.

பலாசோ கிராசியின் முற்றத்தில் சுமார் 18 மீட்டர் உயரத்தில் தலையற்ற பூதம் ஒன்று நின்றது. வெண்கலமெனத் தோன்றினும் அது வண்ணம் பூசிய பிசின் வார்ப்பு. கிண்ணம் ஏந்திய அவ்வுருவம் வில்லியம் பிளேக்கின் ‘தெள்ளுப்பூச்சியின் ஆவி’ ஓவியத்தை நினைவூட்டுகிறது. பிளேக்கின் ஓவியமோ ஏறத்தாழ ஒரு சாண் உயரமே உடையது. அச்சிறு பரப்பில் உறையும் அச்சத்தில் ஒரு பங்கேனும் இப்பேருருவில் இல்லை. அண்ணாந்து நோக்குவோர்க்கு அளவு ஒன்றே எஞ்சுகிறது.

சில உருவங்களைப் பவளம் படர்ந்த நிலை, சீரமைத்த நிலை, அருங்காட்சியகப் படி என மூன்றாகக் காட்டியது நல்ல எண்ணமே. தொல்பொருள் ஒன்று காலத்தால் எவ்வாறு மாறுகிறது என்னும் கேள்வி அதில் அடங்கியிருந்தது. ஆனால் படர்ந்த பவளமும் வண்ணமிட்ட வார்ப்பாகவே இருத்தலின், மூன்று நிலைகளின் மேற்பரப்பும் ஒரே மெருகில் முடிகின்றன. பவளம் மூடிய மிக்கி மவுஸ் முதல் பார்வையில் நகைப்பூட்டுகிறது. இரண்டாம் பார்வைக்கு அதனிடம் ஏதுமில்லை.

‘பொற்றலைகள் (பெண்)’ என்னும் படைப்பில்தான் குறை பெருங்குற்றமாகிறது. அதன் மூலவடிவம் நைஜீரியாவின் ஈஃபே தலை. ஈஃபேயின் வுன்மோனிஜே வளாகத்தில் 1938இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட உலோகத் தலைகள், மெழுகு வார்ப்பு முறையின் உச்சங்களுள் வைத்து எண்ணத்தக்கவை. அவை 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் மூழ்கிய கப்பலில் அவற்றுக்கு இடமில்லை. இம்முரணைப் புனைவின் சுதந்திரம் என விட்டுவிடலாம். ஆனால் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1910இல் ஈஃபே சென்ற செருமானிய ஆய்வாளர் லியோ ஃப்ரோபீனியஸ், அங்குள்ள சிற்பங்களை ஆப்பிரிக்கர் படைப்பாக ஏற்க மனமின்றி, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் எச்சமென விளக்கினார். ஹர்ஸ்டின் கதையும் அதே தலையைக் கடலடியிலிருந்தே எடுத்துத் தருகிறது. பகடி எனின், எதனைப் பகடி செய்கிறது என்பது படைப்பில் புலப்பட வேண்டும், இங்கே புலப்படவில்லை.

காட்சிக் கையேடு ஈஃபேயைக் குறிப்பிடத்தான் செய்கிறது. எனினும் முதன்முறை காண்போர் இதனை நைஜீரியக் கலையோடு இணைத்துப் பாரார் என்று நைஜீரியக் கலைஞர் விக்டர் எஹிகாமெனோர் எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வாண்டுதான் ஈராண்டுக்கொருமுறை நிகழும் வெனிஸ் பியனாலேயில் நைஜீரியா தன் முதல் தேசிய அரங்கைத் திறந்த ஆண்டு. அவ்வரங்கில் இடம்பெற்ற கலைஞருள் எஹிகாமெனோரும் ஒருவர்.