சஸ்ஸிகாயா: காலம் தீர்ப்பளித்த ஒயின்

சஸ்ஸிகாயா என்பது இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கடற்கரையை ஒட்டிய போல்கெரி என்னும் சிற்றூரில் உருவாகும் சிவப்பு ஒயின். இன்சீசா டெல்லா ரொக்கெட்டா குடும்பத்தினர் தலைமுறைகளாக நடத்திவரும் தெனுத்தா சான் குயிடோ பண்ணை இதனைத் தயாரிக்கிறது. 'கற்கள் நிறைந்த இடம்' என்பது பெயரின் பொருள். இன்று உலகப் புகழ் பெற்ற இந்த ஒயினைத் தொடக்கத்தில் சுவைத்தவர்கள் விரும்பவில்லை. தரத்தை எப்போது மதிப்பிட வேண்டும் என்ற கேள்வியை இதன் வரலாறு எழுப்புகிறது.

தோற்றம்

மாரியோ இன்சீசா டெல்லா ரொக்கெட்டா பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். போல்கெரி நிலம் அவருடைய மனைவி கிளாரிசே வழியாகக் கிடைத்தது. பிரான்சின் போர்தோ ஒயின்களில் ஈடுபாடு கொண்ட மாரியோ, 1944இல் அங்குள்ள மலைச்சரிவில் கபர்னே சோவிஞோன் கொடிகளை நட்டார். டஸ்கனியின் மரபான திராட்சை சாஞ்சோவேசே ஆகும். கடலோரம் சிறந்த சிவப்பு ஒயினுக்கு ஏற்றதன்று என்பதே அன்றைய பொதுக்கருத்து. 1948 முதல் 1967 வரை இந்த ஒயின் பண்ணைக்குள்ளேயே பருகப்பட்டது. ஆண்டுதோறும் சில பெட்டிகள் நிலவறையில் விடப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் சுவை மேம்படுவதை மாரியோ கண்டார்.

முதிர்ச்சி

கபர்னே சோவிஞோன் சிறிய பழம், தடித்த தோல் உடையது. அத்தோலில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அதனால் இளம் ஒயின் நாவை வறளச் செய்யும். காலப்போக்கில் டானின் துகள்கள் ஒன்றோடொன்று இணைகின்றன, ஒரு பகுதி மண்டியாகப் படிகிறது, துவர்ப்பு தணிகிறது. பழமணம் குறைந்து உலர்ந்த இலை, பதப்படுத்திய தோல், புகையிலை ஆகியவற்றை நினைவூட்டும் மணம் தோன்றுகிறது. போதிய புளிப்பு இல்லாத ஒயின் இந்தக் காத்திருப்பைத் தாங்காது, கெட்டுவிடும். கடற்காற்று போல்கெரியின் வெப்பத்தைத் தணித்து, பழத்தின் புளிப்பைக் காக்கிறது. ஒயின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருந்தபின் புட்டியில் தொடர்ந்து முதிர்கிறது.

சட்டமும் தரமும்

1968ஆம் ஆண்டு விளைச்சலே முதலில் விற்பனைக்கு வந்தது. வகைப்பாட்டு விதிகளுக்குள் அடங்காததால், மிகத் தாழ்ந்த பிரிவான 'மேசை ஒயின்' என்றே அது விற்கப்பட்டது. 1978இல் டிகாண்டர் இதழ் லண்டனில் நடத்திய கபர்னே ஒயின் ஒப்பீட்டில் 1972ஆம் ஆண்டு சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. ஆயினும் 1983இல் போல்கெரிக்கு வழங்கப்பட்ட தகுதி வெள்ளை, இளஞ்சிவப்பு ஒயின்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சிவப்பு ஒயினுக்கு 1994இல்தான் இடம் கிடைத்தது. 2013இல் சஸ்ஸிகாயாவுக்கெனத் தனித் தகுதியே உருவானது.

மதிப்பீடு

சட்டம் திராட்சையின் வகையையும் மரபையும் பார்த்தது. புட்டிக்குள் நிகழ்ந்ததைப் பார்க்கவில்லை. இது சஸ்ஸிகாயாவின் பக்கம் உள்ள நியாயம். எனினும் இவ்வரலாற்றை வெறும் பொறுமையின் வெற்றியாகப் புகழ்வது முழு உண்மை ஆகாது. இருபது ஆண்டுக்காலம் விற்பனையின்றிக் காத்திருக்க மாரியோவின் பரந்த நிலமும் செல்வமும் இடமளித்தன. ஆண்டு விளைச்சலை விற்றே கடனடைக்கும் சிறு விவசாயி அதே கொடியை நட்டிருந்தால், முதல் விமர்சனத்திலேயே பிடுங்கி எறிந்திருப்பார். இந்த வெற்றிக்குப் பின் போல்கெரியின் புகழ் பெரிதும் பிரெஞ்சுத் திராட்சைகளைச் சார்ந்ததாயிற்று என்பதும் கருதத்தக்கது.

இன்னொரு முரணும் உண்டு. காத்திருந்தால்தான் தெரியும் என்று காட்டிய இதே ஒயினுக்கு, இன்று சந்தைக்கு வந்தவுடனேயே மதிப்பெண் இடப்படுகிறது. விலையேற்றத்தால் பல புட்டிகள் பருகப்படாமல் முதலீடாகவே கைமாறுகின்றன. அதன் உண்மையான மதிப்பு புள்ளிகளில் இல்லை. உரிய முதிர்ச்சிக்குப்பின் தக்கை திறக்கப்படும் புட்டியில்தான் அது தெரியவரும்.