வாசகரிடம் மட்டும் மறைக்கப்படும் ரகசியம்

ஃப்ரீடா மெக்ஃபேடனின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ 2022இல் வெளிவந்தது. 2025 முடிவதற்குள் திரைப்படமாகவும் ஆகிவிட்டது. கணவன், மனைவி, ஒரு பொய், ஒரு கொலை என்று அமைந்த நாவல்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கடைகளை நிறைத்திருக்கின்றன. அவை விற்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை அப்படி விட்டுவிட முடியாது. இன்றைய திருமணத்தை உள்ளபடி எழுதுபவை இவைதாம், இலக்கிய நாவல்கள் தொடத் தயங்கும் வீட்டு உண்மைகளை இவை தொடுகின்றன, ‘உளவியல்’ என்ற அடைமொழிக்கு இவை முழுத் தகுதி பெற்றவை என்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை திருமணத்தை எழுதவே இல்லை.

இந்த நாவல்களின் பலம் வெளிப்படையானது. வேகம் உண்டு. பெண்ணின் கோபத்தை மழுப்பாமல் சொல்லும் துணிவு உண்டு. கிலியன் ஃப்ளினின் ‘கான் கேர்ள்’ (2012) நாவலில் ஆண்களுக்குப் பிடித்த பெண்ணாக நடித்துச் சலித்ததை ஆமி சொல்லும் பக்கங்கள் பேசப்பட்டது நியாயமே. மனைவி தன் புத்தியையே சந்தேகிக்கும்படி கணவன் செய்யும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்தது பேட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகம் ‘காஸ் லைட்’. அந்தக் கொடுமையை இன்றைய வாசகர் அடையாளம் காண்பதில் இந்த நாவல்களுக்கும் பங்குண்டு.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இக்கதைகளில் ரகசியம் யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது? கணவன் மனைவியிடமோ மனைவி கணவனிடமோ மறைத்தால் அது திருமணத்தின் கதை. இங்கே பெரும்பாலும் மறைக்கப்படுவது வாசகரிடமிருந்து.

கிரியர் ஹென்ட்ரிக்ஸும் சாரா பெக்கனெனும் சேர்ந்து எழுதிய ‘தி வைஃப் பிட்வீன் அஸ்’ (2018) இதற்குத் தெளிவான சாட்சி. நெல்லி என்ற இளம்பெண் திருமணத்துக்குத் தயாராகிறாள். வனெஸ்ஸா என்ற முன்னாள் மனைவி பொருமிக்கொண்டிருக்கிறாள். வனெஸ்ஸாவைக் கைவிட்டு அவள் கணவன் ரிச்சர்ட் நெல்லியைத் தேடிக்கொண்டான் என்று நம்பிப் படிக்கிறோம். முதல் பாகம் முடியும்போது இருவரும் ஒருத்தியே என்று தெரிகிறது. நெல்லி என்பது ரிச்சர்ட் அவளை அழைத்த செல்லப்பெயர். இந்த ஏமாற்றில் கதைக்குள் இருக்கும் எவரும் ஏமாறவில்லை. வனெஸ்ஸாவுக்குத் தான் யார் என்று தெரியும், ரிச்சர்டுக்கும் தெரியும். தெரியாதவர் வாசகர் மட்டும். அந்த அதிர்ச்சிக்கும் அந்தத் தம்பதியின் மனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அலெக்ஸ் மைக்கேலிடிஸின் ‘தி சைலன்ட் பேஷன்ட்’ (2019) இன்னும் வருத்தம் தருவது, ஏனென்றால் அதன் கரு உண்மையிலேயே பெரியது. ஓவியர் அலிசியா தன் கணவன் கேப்ரியலைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறாள். அவளைப் பேசவைக்க வரும் மனநல சிகிச்சையாளர் தியோதான் கதைசொல்லி. தன் மனைவி கேத்தியின் கள்ள உறவைக் கண்டுபிடித்தும் தியோ அவளிடம் எதுவும் கேட்காமல் அவளோடு வாழ்கிறான். ஒரு நாவலுக்கு இதுவே போதும். தெரிந்துகொண்டே ஒரே மேசையில் சாப்பிடுவது எப்படி? அவளைத் தொடும்போது என்ன நினைப்பான்? இந்தக் கேள்விகளுக்குள் கதை இறங்க முடியாது, ஏனென்றால் கேத்தியின் காதலன் கேப்ரியல்தான் என்பதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். அதற்காகப் பல ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு காலங்கள் ஒரே காலம்போலக் காட்டப்படுகின்றன. தியோவின் மனம் முழுதாகத் திறந்தால் திருப்பம் கெட்டுவிடும் என்பதால் அது மூடியே வைக்கப்படுகிறது. மனத்தை மூடிவைத்துக்கொண்டு எழுதுவதற்கு உளவியல் நாவல் என்று பெயர்!

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. யூரிப்பிடிஸின் ‘ஆல்செஸ்டிஸ்’ நாடகத்தில் கணவனுக்காக உயிர்விட்ட மனைவி மீண்டு வந்தபின் பேசுவதில்லை. மைக்கேலிடிஸ் அதைத் தன் நாவலின் முதுகெலும்பாக வைத்திருக்கிறார். தியோ அலிசியாவின் வீட்டுக்குள் நுழைந்து, இருவரில் யார் சாக வேண்டும் என்று கேப்ரியலிடம் கேட்கிறான். கேப்ரியல் தன் உயிரைத் தேர்ந்தெடுக்கிறான். அதை அலிசியா கேட்கிறாள். தன்னைச் சாகக் கொடுத்த கணவனை அதன் பிறகு ஒரு மனைவி எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் இந்த நாவலின் உண்மையான கேள்வி. அந்தக் காட்சிக்குக் கிடைப்பது கடைசியில் சில பக்கங்கள். திருப்பத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது, திருப்பத்துக்குப் பின்னால் அதைப் பேச இடமில்லை.

பாலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ (2015) நாவலிலும் இதே கதிதான். குழந்தை பிறக்காத துயரத்தில் ரேச்சல் குடிக்கத் தொடங்குகிறாள். கணவன் டாமுடனான வாழ்க்கை சிதைகிறது. யார் யாரை எவ்வளவு காயப்படுத்தினார்கள் என்று நிதானமாக எடைபோட வேண்டிய இடம் அது. டாம்தான் பொய்யன், அவன்தான் கொலைகாரன் என்று வெளிப்பட்டதும் எடைபோட எதுவும் மிஞ்சுவதில்லை. ஒருவரை அரக்கராக்கிவிட்டால் மற்றவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாசகரும் தன் வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. சாரா பின்பரோவின் ‘பிஹைண்ட் ஹெர் ஐஸ்’ (2017) முடிவை முன்னிறுத்தியே விளம்பரம் செய்யப்பட்டது. அங்கே மனைவியின் உடலில் இருப்பது வேறொருவரின் உயிர் என்று முடிகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் நாம் படித்த திருமணத்தில் மனைவியே இல்லை.

புதிர்க்கதையின் விதியே மறைப்பதுதானே என்பார்கள். அகதா கிறிஸ்டி 1926இல் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ நாவலில் கதைசொல்லியையே கொலைகாரனாக்கினார், உண்மை. ஆனால் அந்த நாவல் தன்னைத் திருமண வாழ்வின் ஆய்வு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

வாசகரிடம் எதையும் மறைக்காமலே திருமணத்தைப் பதற்றத்தோடு எழுத முடியும் என்பதும் பழைய செய்தி. ஃபிரான்சிஸ் ஐல்ஸின் ‘பிஃபோர் தி ஃபேக்ட்’ (1932) தொடக்கத்திலேயே, லினா மணந்தது ஒரு கொலைகாரனை என்று சொல்லிவிடுகிறது. கணவன் தரும் நஞ்சை அவள் தெரிந்தே குடிக்கும் இடம்வரை நம் பதற்றம் குறைவதில்லை. ஹிட்ச்காக் 1941இல் ‘சஸ்பிஷன்’ என்று படமாக்கியபோது கணவனை நிரபராதியாக்கினார். அந்த ஒரு மாற்றத்தில் கதையின் உயிரே போயிற்று. பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ‘டீப் வாட்டர்’ (1957) நாவலில் மனைவியின் காதலனை விக் நீச்சல் குளத்தில் மூழ்கடிக்கிறான். நமக்குத் தெரியும். மனைவி மெலிண்டாவுக்கும் தெரிந்துவிடுகிறது, ஊரறியச் சொல்கிறாள், ஊர் நம்பவில்லை. பிறகும் இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவரை ஒருவர் முழுதாக அறிந்த பின்னும் பிரியாமலிருப்பதன் பயங்கரம் எந்தக் கடைசிப் பக்கத் திருப்பத்திலும் இல்லை.

‘கான் கேர்ள்’ அதை அறிந்த நாவல். ஆமியின் நாட்குறிப்பு போலி என்ற திருப்பம் அங்கே நடுவிலேயே வந்துவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் கணவன் நிக், மனைவி ஆமி இருவருக்கும் எதிரில் இருப்பவர் யார் என்று தெரியும்; வயிற்றில் வளரும் குழந்தையோடு அந்த வீட்டிலேயே தொடர்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் போலி நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் பாகத்தை விட்டுவிட்டார்கள். உளவியல் நாவல் என்ற பெயரை ஃப்ளினுக்குத் தரலாம். மற்றவை சாமர்த்தியமான புதிர்கள். மதிப்புரை எழுதுபவர்கள் அவற்றைப் புதிர்களாகவே மதிப்பிடட்டும்.