ஓடாவியாரும் மேஸ்திரியும்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் தாய் வீட்டின் ஓட்டைப் பிரித்து, மரம் மாற்றி, மீண்டும் மேய வேண்டியிருந்தது. வேலை பேச ஓடாவியார் வந்திருந்த நேரம் என் தங்கையின் மகனும் வீட்டில் நின்றான். 1990இல் கைக்குழந்தையாகப் படகேறிப்போய் திருச்சியில் வளர்ந்தவன். ஓடாவியார் படலையைத் தாண்டியதும் என்னிடம் கேட்டான்: "மாமா, இவரோட ரெஜிஸ்ட்ரேஷன் எங்க? ஜி.எஸ்.டி. நம்பர்கூட இல்லாத ஆளுகிட்ட கூரையை எப்படி ஒப்படைக்கிறீங்க? எங்க ஊர்ல இப்படியெல்லாம் விடமாட்டாங்க."

எங்க ஊர் என்று அவன் சொன்னது திருச்சியை. பிறந்த வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு சொன்னான். அது ஒரு புறம் கிடக்க, கேள்வி நியாயமான கேள்விதான். கூரை வேலைக்கு வருகிறவர் யார், கைத்திறன் எப்படி, பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிப்பாரா என்று பார்க்காமல் எந்த வீட்டுக்காரரும் ஓட்டில் கைவைக்க விடமாட்டார். யாழ்ப்பாணத்தில் அப்படிப் பார்ப்பதேயில்லை என்று அவன் நினைத்ததற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். இலங்கையில் காகிதம் இல்லை என்பது பிழை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை இயங்குகிறது. கொந்திராத்துக்காரர்களை அது சீ.எஸ்.2, சீ.எஸ்.1, அதற்குக் கீழே சீ1 தொடக்கம் சீ9 வரை தரம் பிரித்துப் பதிகிறது. எந்தத் தரத்தார் எவ்வளவு பெறுமதியான வேலை எடுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. பதிவுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டினால் திகதியைப் பாருங்கள். நாலைந்து பேரோடு வேலை செய்யும் சிறிய கொந்திராத்துக்காரர் என்றால், பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவையும் தேசிய அடையாள அட்டையையும் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். அதில் ஏழு மட்டங்கள். தச்சுக்கோ மேசன் வேலைக்கோ நான்காம் மட்டச் சான்றிதழ் வைத்திருப்பவர், மேற்பார்வை இல்லாமல் தானே முழு வேலையும் செய்யக்கூடியவர் என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் அதைப் பெறுகிறார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத, தகப்பனிடம் உளி பிடிக்கப் பழகிய ஒருவர்கூட, முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு இருந்து அதை எடுக்க முடியும். நாங்கள் பேசிய ஓடாவியாரிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. மருமகன் கேட்டது ஜி.எஸ்.டி. எண்ணை. வரி எண்ணில் ஒருவருடைய உளியின் கூர்மை தெரியாது.

ஆனாலும் எங்கள் ஆட்கள் சான்றிதழோடு நிற்பதில்லை. பழைய கூரையைப் போய்ப் பார்ப்பதுதான் யாழ்ப்பாணத்து வழக்கம். ஓடாவியார் எந்த வீட்டுக்கு மேய்ந்தார் என்று விசாரித்து, குறைந்தது இரண்டு மாரி கண்ட கூரையாகத் தேடிப் போவார்கள். முற்றத்தில் நின்று முகட்டை ஓரக்கண்ணால் பார்த்தால் வளை தொய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு உள்ளே போய், இரண்டு கூரைகள் சேரும் உள்மூலையில் பீலிக்குக் கீழே சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். பிழையான பீலி அங்கேதான் ஈரம் காட்டும். தென்மேற்கு ஓரத்து ஓடுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும்போது முதலில் கிளம்புவது அந்த ஓர ஓடு. அதைச் சீமெந்து வைத்து ஒழுங்காகப் பிடித்திருக்கிறாரா என்பதில் ஆளின் பொறுப்பு தெரியும்.

அடுத்தது மரக்காலை. ஒரு ஓடாவியாரைப் பற்றி மரக்காலைக்காரருக்குத் தெரிந்தது அவருடைய மனைவிக்கும் தெரியாது என்று எங்கள் அம்மா சொல்லுவா. பனஞ்சிலாகை வாங்கும்போது கறுத்த வயிரத்தைப் பொறுக்கி எடுக்கிறாரா, சோற்றி உள்ளதையும் சேர்த்து ஏற்றுகிறாரா, வீட்டுக்காரர் கொடுத்த காசைக் கடைக்குக் கட்டுகிறாரா, கடன் சொல்கிறாரா, எல்லாம் அங்கே தெரியும். நான் போய்க் கேட்டேன். கடைக்காரர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஓடாவியார் கழித்துவைத்த சிலாகைக் குவியலைக் கையால் காட்டினார். நுனிப்பக்கம் வெளிறிய பத்துப் பன்னிரண்டு துண்டுகள் ஒதுக்கிக் கிடந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலை பேச வந்தவரிடம் ஒரு சதுரத்துக்கு எத்தனை ஓடு என்று கேட்பதும் உண்டு. மங்களூர் மாதிரி ஓடு என்றால் நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150. கை பழகியவர் இதை யோசிக்காமல் சொல்லி, உடைவுக்கு எவ்வளவு கூட்டி எடுக்க வேண்டும் என்றும் சொல்லுவார்.

சதுரம் என்ற அளவு இரண்டு கரையிலும் ஒன்றுதான். ஆட்களின் பெயர்தான் மாறுகிறது. எங்களுக்கு ஓடாவியார், மேசன், பாஸ், கொந்திராத்துக்காரர். தமிழ்நாட்டில் ஆசாரி, கொத்தனார், மேஸ்திரி, கான்ட்ராக்டர். பெயர் மாற்றத்துக்குப் பின்னால் கூரையின் மாற்றமும் இருக்கிறது. எங்கள் கூரை இன்னமும் பெரும்பாலும் சரிந்த ஓட்டுக்கூரை. அது மர வேலை, ஆகவே ஓடாவியாரின் பொறுப்பு. திருச்சியிலும் சென்னையிலும் நான் தங்கிய உறவினர் வீடுகள் எல்லாம் கொங்கிறீற் தளம் போட்டு மொட்டைமாடி விட்டவை. அங்கே கூரை என்றால் சென்ட்ரிங், கம்பி, கலவை. மேஸ்திரியின் கையில் இருக்கிறது. ஓட்டுக்கூரையில் பிழை விட்டால் அடுத்த மாரியிலேயே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். தளத்துக்குள் கம்பி குறைந்தாலோ முட்டுப்பலகையை நாளுக்கு முன் கழற்றினாலோ வெளியே தெரிய வருடங்கள் ஆகும். இந்தியத் தர விதிப்படி நாலரை மீற்றருக்கு மேற்பட்ட அகலத் தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். அப்படி நிற்கிறதா என்று அங்குள்ள வீட்டுக்காரர் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் அங்கே காகிதத்தில் பிடிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் காகிதம் எதைக் காக்கிறது? 2016இல் வந்த ரெரா சட்டம் நல்ல சட்டம். ஆயினும் அது 500 சதுர மீற்றர் நிலத்துக்கு மேலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர்களுக்கானது. தன் காணியில் கூரை மாற்றுகிறவர் அமர்த்தும் மேஸ்திரி அதற்குள் வரமாட்டார். ஜி.எஸ்.டி. பதிவு, சேவை செய்வோருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை உழைப்பாளிக்கு உதவித்தொகையும் பாதுகாப்பும் தருகிறது. அதற்காகத் தமிழ்நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும், எங்களிடம் அந்த அளவுக்கு ஒன்று இல்லை. ஆனால் அது கைத்திறனுக்கான சான்று ஆகாது. மருமகனின் மாமனார் திருச்சியில் வீடு கட்டியபோது மேஸ்திரியை எப்படிப் பிடித்தார் என்று பிறகு கேட்டேன். அடுத்த தெருவில் அந்த மேஸ்திரி கட்டிய வீட்டைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் விசாரித்துத்தான் பிடித்தாராம். அதன் பிறகு முத்திரைத்தாளில் எழுதினார்களாம்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் இடிந்த பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் அனுமதி இருந்தது. 61 பேர் இறந்தார்கள். இதைச் சொல்லித் தமிழ்நாட்டைக் குறைக்க நான் விரும்பவில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல் எங்கள் வடபகுதியையும் உலுக்கிவிட்டுத்தான் கடல் தாண்டியது. காற்றும் மழையும் இரு கரைக்கும் ஒன்று. காகிதம் இருந்தால் போதும் என்று சொல்லும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

போருக்குப் பிறகு இந்திய அரசு எங்களுக்குத் தந்த வீட்டுத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆயிரம் வீடுகளைக் கொந்திராத்துக்காரர் மூலம் கட்டினார்கள். 2012இல் பெரும் பகுதியைத் தொடங்கியபோது வழியை மாற்றி, குடும்பத்துக்கு 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போட்டு, வீட்டை நீங்களே கட்டுங்கள் என்றார்கள். வன்னியில் கணவனை இழந்த பெண்கள்கூடத் தாங்களே மேசனைத் தேடி, ஓடாவியாரைப் பேசி, ஓடு எண்ணி இறக்கி வீட்டை முடித்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்ததால், தெரியாத ஊர் ஆட்களை விசாரிக்காமல் அமர்த்திய வீடுகளில்தான் அது கூடுதலாக நடந்தது.

ஒரு விடயத்தில் தமிழ்நாட்டார் எங்களைவிட முன்னுக்கு நிற்கிறார்கள். வேலை பிழைத்தால் தமிழ்நாட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டும் சேவை அங்கே சட்டத்துக்குள் தெளிவாக வருகிறது, கையில் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் இருக்கும். எங்களுக்கும் இணக்கசபை உண்டு, செலவில்லாமல் பேசித் தீர்க்கலாம். ஆனால் கையெழுத்து வைத்த ஒரு துண்டும் இல்லாமல் அங்கே போய் இருந்தால் என்ன பேசுவது? எங்கள் ஆட்கள் ஆளைப் பார்ப்பதில் காட்டும் அக்கறையை எழுதுவதில் காட்டுவதில்லை.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊர் வீட்டைத் திருத்தக் காசு அனுப்புகிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் காட்டும் படத்தை நம்பி முழுத்தொகையை அனுப்பாதீர்கள். ஊரில் இருக்கும் ஒருவரை அனுப்பி, ஓடாவியார் முன்பு மேய்ந்த இரண்டு கூரைகளையாவது பார்க்கச் சொல்லுங்கள், மரக்காலையில் விசாரிக்கச் சொல்லுங்கள், என்.வி.கியூ. சான்றிதழையும் அடையாள அட்டையையும் பிரதி எடுத்து வையுங்கள். என்ன மரம், என்ன ஓடு, எத்தனை சதுரம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். ஐப்பசியில் மழை இறங்கிவிடும். பேச்சை ஆடிக்குள் முடித்துவிடுங்கள்.