கடாரம் கொண்டவன் கடாரத்தை ஆண்டானா?

"சோழன் ஆண்ட மண் இது" என்ற பேச்சு மலேசியத் தமிழர் மேடைகளில் ஊறிப்போன ஒன்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் காதிலும் அது விழுகிறது. இராசேந்திர சோழனின் படை 1025 வாக்கில் கடல் கடந்து வந்ததையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைபிடித்ததையும் ஏற்கிறேன். ஆண்டான் என்பதற்குத்தான் சான்று கேட்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த மெய்க்கீர்த்தி நம் முதல் சாட்சி. கைப்பற்றிய யானைகள், குவித்த செல்வம், விச்சாதிரத் தோரணம் என்று கொள்ளையை அது மனம் நிறையப் பாடுகிறது. அது பட்டியலிடும் இடங்களுள் கடாரம் இன்றைய கெடா. இலங்காசோகம் பட்டாணிப் பக்கம். மாதமாலிங்கம் தாய்லாந்தின் தெற்கு. கேமரன் மலை இருக்கும் பகாங் என்று உறுதியாகச் சுட்டத்தக்க பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

சோழர் உண்மையில் ஆண்ட நிலம் எப்படி இருக்கும்? ஈழத்தைப் பாருங்கள். அது மும்முடிச்சோழ மண்டலம் ஆனது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆனது. அங்கே வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சிவன் கோயில் எழுந்தது. 1070 வாக்கில் சிங்கள மன்னன் விசயபாகு சோழரை விரட்டும்வரை அவர்களின் அதிகாரிகள் இருந்தார்கள், கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம் ஆனதும் இப்படித்தான். சோழர் ஒரு நாட்டைக் கைக்கொண்டால் பெயர் வைப்பார்கள், நாடுகளாகப் பிரிப்பார்கள், வரி வாங்குவார்கள். கடாரத்துக்கு அப்படி ஒரு மண்டலப் பெயர் தெரியவில்லை. மலாய்த் தீபகற்பத்தில் இராசேந்திரன் பெயர் தாங்கிய கல்வெட்டும் அறியப்படவில்லை.

எதிர்வாதம் வலுவற்றதன்று. வீரராசேந்திரன் 1068 வாக்கில் கடாரத்தை வென்று, அடிபணிந்த அரசனுக்கே திருப்பித் தந்ததாகச் சொல்லிக்கொள்கிறான். 1090 வாக்கில் கடாரத்துத் தூதர் கேட்டுக்கொண்டதால் நாகப்பட்டின விகாரத்தின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிச்சலுகை அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. செல்வாக்கு நீடித்தது என்பேன். ஆனால் இரு சான்றிலும் கடாரத்தில் கடாரத்தரசனே அமர்ந்திருக்கிறான்!

வெல்வதற்கும் ஆள்வதற்கும் உள்ள வேறுபாட்டை வேறு நாட்டு வரலாற்றிலும் காணலாம். அதே 1025இல்தான் போலந்தில் போலெஸ்வாஃப் மன்னனாக முடிசூடினான். அவன் 1018இல் கீவ் நகருக்குள் புகுந்து, மருமகனை அரியணையில் ஏற்றிவிட்டு, சில மாதங்களில் திரும்பியவன். அதே ஆண்டு உடன்படிக்கையால் தன் கையில் நின்ற லுசாத்தியா நிலப்பகுதியை அவன் ஆண்டான் என்கிறோம். கீவை ஆண்டான் என்பதில்லை. நம் மன்னனுக்கும் அதே அளவுகோல்தான்.

ஆகவே என் முடிவு: இராசேந்திரன் கடாரத்தை வென்றான், ஆளவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும் கடாரத்தைச் சோழப் பேரரசின் மாகாணமாகக் கொள்ளவில்லை.

இதை ஒப்புக்கொள்வதால் தோட்டத் தமிழருக்கு இழப்பில்லை. கேமரன் மலையில் அவர்கள் வரலாறு ஆங்கிலேயர் காலத்தது. 1929இல் ரசல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்டிச் சரிவில் செடி நட்டவர்களுள் தமிழர் உண்டு. லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்த அந்தத் தலைமுறைகள் எந்த ஊர்களிலிருந்து வந்தன, என்ன கூலி பெற்றன என்பதே அந்த மேடைகளில் முதலில் பேசப்பட வேண்டியது.